ஜன்னலை உடைக்காத பந்து

வரும் பொதுக்குழுவின் நிகழ்ச்சி நிரலை வாட்ஸ்அப் குழுவில் பார்த்திருப்பீர்கள். ஆறாவது பொருள்: "வளாகத்துக்குள் பந்து விளையாட்டுகளை முழுமையாகத் தடை செய்தல்". காரணங்கள் உங்களுக்கே தெரியும். தரைத்தள வீட்டு ஜன்னல் ஒன்று, பார்க்கிங்கில் நின்ற காரின் பக்கக் கண்ணாடி ஒன்று, அப்புறம் மதியம் இரண்டு மணிக்குக் கண்ணை மூடிய பெரியவர்களின் தூக்கம். மூன்றும் நியாயமான புகார்கள்தான். கையைத் தூக்குவதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். தூக்குவதற்கு முன் இந்தப் பந்தின் வரலாற்றைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஜன்னலுக்கும் பந்துக்கும் உள்ள இந்த வழக்கு நம் குப்பனூரில் தொடங்கியது இல்லை. உலகத்தில் பல ஊர்க்காரர்கள் இதை எதிர்கொண்டிருக்கிறார்கள், பல விதமாகத் தீர்த்தும் இருக்கிறார்கள்.

முதலில் கொஞ்சம் தூரமாகப் போய் வருவோம். 1953-ம் ஆண்டு, அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஃபேர்ஃபீல்டு என்ற ஊர். டேவிட் முல்லனி என்பவருக்குப் பன்னிரண்டு வயதில் ஒரு மகன். பேஸ்பால் ஆட ஆசை. ஆனால் இரண்டு அணிக்கு ஆள் சேரவில்லை, பெரிய மைதானமும் பக்கத்தில் இல்லை. வீட்டுப் பின்புறத்தில் நிஜப் பந்தை வைத்து அடித்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. எனவே பையனும் அவன் நண்பனும் பிளாஸ்டிக் கோல்ஃப் பந்தையும் துடைப்பக் கம்பையும் எடுத்துக்கொண்டார்கள். அந்தச் சின்னப் பந்தை வளைத்து வீச முயன்று முயன்று பையனின் கை சோர்ந்துபோனது. அப்பா ஒரு காலத்தில் பந்து வீசி ஆடியவர். இளம் வயதில் இப்படிக் கையை முறுக்கினால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும்.

வாசனைத் திரவியப் பொட்டலத்துக்கு வரும் உருண்டையான பிளாஸ்டிக் பாகங்கள் பக்கத்துத் தொழிற்சாலையிலிருந்து அவருக்குக் கிடைத்தன. சவர பிளேடால் அதில் விதவிதமாக ஓட்டை போட்டு, ஒவ்வொன்றாகப் பையனிடம் கொடுத்து வீசச் சொன்னார். கடைசியில் ஒன்று வேலை செய்தது: பந்தின் ஒரு பாதியில் மட்டும் நீள்வட்டமாக எட்டு ஓட்டைகள், மறு பாதி மொழுமொழு. காற்று இரண்டு பக்கத்தையும் வெவ்வேறு விதமாகத் தள்ள, மணிக்கட்டைப் பெரிதாக முறுக்காமலே பந்து வளைந்தது. மட்டைக்காரன் அடிக்கப் போய்க் காற்றை அடிப்பதற்குப் பையன்களின் பேச்சு வழக்கில் 'விஃப்' என்று பெயர். அதிலிருந்து 'விஃபிள் பால்' என்ற பெயர் வந்தது. இன்றும் அதே குடும்பம்தான் அதே மாநிலத்தில் ஷெல்டன் என்ற ஊரில் அந்தப் பந்தைச் செய்துவருகிறது.

எடையைப் பாருங்கள். கிரிக்கெட் தோல் பந்து 156 முதல் 163 கிராம் வரை. டென்னிஸ் பந்து 56 முதல் 59.4 கிராம். விஃபிள் பந்து சுமார் 20 கிராம். அதை எவ்வளவு ஓங்கி அடித்தாலும் காற்று பிடித்து நிறுத்திவிடும். ஜன்னலில் பட்டால் 'டொக்', அவ்வளவுதான்.

பந்தைவிட எனக்குப் பிடித்தது அதனுடன் வந்த விதிகள். ஆடுவதற்குக் குறைந்தது இரண்டு பேர் போதும்: ஒருவர் வீச, ஒருவர் அடிக்க. 60 அடி நீளம், 20 அடி அகலம் இருந்தால் அது மைதானம். ஓட்டமே கிடையாது. அடித்த பந்து எந்தக் கோட்டைத் தாண்டி விழுகிறதோ அதற்கேற்ப ஒன்று, இரண்டு, மூன்று என்று கணக்கு. ஓடுகிறவர் கற்பனையில் ஓடுகிறார். பேஸ்பால் என்ற பெரிய ஆட்டத்தை ஒரு சந்துக்குள் மடித்து வைத்த மாதிரி.

இது சின்னப் பிள்ளை விளையாட்டாகவே நின்றுவிடவும் இல்லை. 1980-ல் இண்டியானா மாநிலத்தின் மிஷவாக்கா என்ற ஊரில் இதற்கு உலக சாம்பியன்ஷிப் என்று பெயர் வைத்தே ஒரு போட்டி தொடங்கினார்கள். 2009-ல் மிச்சிகனில் பள்ளி வயதுப் பையன்கள் வீட்டுத் தோட்டத்தில் தொடங்கிய ஒரு லீக், யூடியூப் வழியாக இன்று பல நாடுகளில் பார்க்கப்படுகிறது. போட்டி என்று வந்துவிட்டால் தில்லுமுல்லும் வரும். பந்தின் மொழுமொழுப் பக்கத்தைத் தரையில் தேய்ப்பது, கத்தியால் கீறுவது, இன்னும் அதிகமாக வளைய வைப்பது. சில லீக்கில் அது குற்றம், சில லீக்கில் அது கலை. பல போட்டிகளில் மட்டையாளருக்குப் பின்னால் ஒரு பலகையை நிறுத்திவிடுகிறார்கள். பந்து பலகையில் பட்டால் நல்ல பந்து. சத்தமே தீர்ப்பு.

நம் ஊரில் சுவரில் கரிக்கட்டையால் மூன்று கோடு போட்டு ஸ்டம்ப் வரைந்தவர்கள் இந்த இடத்தில் சிரிப்பார்கள். பட்டதா படவில்லையா என்ற சண்டைக்குப் பந்தை நனைத்து வீசிச் சுவரில் ஈரத்தடம் பார்த்தவர்களும் நம்மில் உண்டு.

இதே ஓட்டைப் பந்தின் இன்னொரு வாரிசையும் உங்களுக்குத் தெரியும். 1965-ல் சியாட்டில் அருகே பெயின்பிரிட்ஜ் தீவில், பேட்மின்டன் தளம் இருந்தும் அதற்கான உபகரணங்கள் சரியாகக் கிடைக்காத ஒரு கோடை நாளில், பிங்பாங் மட்டையையும் ஓட்டை பிளாஸ்டிக் பந்தையும் வைத்து ஒரு குடும்பம் ஆடிய ஆட்டம்தான் பிக்கிள்பால். பெங்களூரு, சென்னை அடுக்குமாடிகளில் இப்போது கோடு போட்டு ஆடுகிறார்கள். அமெரிக்காவில் அந்தப் பந்தின் 'டக் டக்' சத்தம் தாங்காமல் குடியிருப்பவர்கள் நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள். ஜன்னலைக் காப்பாற்றினால் காது போகிறது. பந்து விஷயத்தில் முழுத் தீர்வு யாரிடமும் இல்லை.

இனி நம் பக்கம் வருவோம்.

நம் ஊரில் பேஸ்பாலுக்குப் பதில் கிரிக்கெட். பிளாஸ்டிக் ஓட்டைப் பந்துக்குப் பதில் டென்னிஸ் பந்து, அதற்கும் காசு இல்லையென்றால் ரப்பர் பந்து. தோல் பந்தில் ஆட வேண்டுமானால் கால்காப்பு, கையுறை, தலைக்கவசம், அடிவாங்கித் தாங்கும் மட்டை, பாய் விரித்த பிட்ச் எல்லாம் வேண்டும். டென்னிஸ் பந்துக்கு ஒரு மட்டையும் ஒரு செங்கல் அடுக்கும் போதும். செருப்பில்லாத காலில் பட்டாலும் சுரீர் என்று ஒரு நிமிடம் வலிக்கும், அப்புறம் ஓவரைத் தொடரலாம். தமிழ்நாட்டில் மட்டை பிடித்தவர்களில் மிகப் பெரும்பாலோர் வாழ்நாள் முழுக்க தோல் பந்தைத் தொட்டதே இல்லை. இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகள் இதை 'மென்பந்து கிரிக்கெட்' என்றும் மற்றதைக் 'கடினப்பந்து' என்றும் அழகாகப் பிரித்து எழுதுகின்றன. நாம் ஏனோ அப்படி ஒரு மரியாதையான பெயரை வைக்கவில்லை. 'சும்மா தெருவுல ஆடுறது' என்கிறோம்.

அந்தச் 'சும்மா' ஆட்டத்துக்குள் எவ்வளவு சட்டம் இருக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். மட்டை பிடிக்கும் வரிசைக்குத் தரையில் எண்களை எழுதி மட்டையால் மறைத்து, ஆளாளுக்கு ஒரு கோட்டைத் தொடச் சொல்வது. முதல் பந்து 'ட்ரையல்'. ஒரு தடவை தரையில் பட்டு எழும்பியதை ஒற்றைக் கையால் பிடித்தால் அவுட். வைடாகப் போட்டுத் தள்ளுகிறவனிடமிருந்து பாதியில் பந்தைப் பிடுங்கினால் அது 'பேபி ஓவர்'. கையை மடக்கி எறிந்தால் 'மாங்கா'. அடுத்த வீட்டுக் காம்பவுண்டுக்குள் அடித்தால் அவுட். அதோடு அடித்தவனே போய் அந்த வீட்டு அம்மாவிடம் கேட்டு வாங்கி வர வேண்டும். கடைசியில் சொன்னதைக் கவனியுங்கள். சிக்ஸர் அடித்தவனைத் தண்டிக்கும் விதி உலகக் கிரிக்கெட் சட்டப் புத்தகத்தில் எங்கும் இல்லை. ஜன்னல் வைத்திருப்பவர்களுடன் சேர்ந்து வாழப் பிள்ளைகளே எழுதிக்கொண்ட விதி அது. முல்லனி வீட்டு ஆட்டத்தில் ஓடுவதை எடுத்துவிட்டார்கள், நாம் ஓங்கி அடிப்பதை எடுத்துவிட்டோம்.

கராச்சிப் பையன்கள் வேறொரு வழி கண்டார்கள். 1980-களில் டென்னிஸ் பந்தின் மேல் மின்சார வேலைக்கான இன்சுலேஷன் டேப்பை இறுக்கிச் சுற்றினார்கள். பஞ்சு மறைந்து வழவழப்பு வந்தது, எடை கொஞ்சம் கூடியது, பந்து வேகம் பிடித்தது. ஒரு பக்கம் மட்டும் சுற்றினால் காற்றில் வளைந்தது. கனெக்டிகட்டில் பிளேடு செய்த வேலையைக் கராச்சியில் டேப் செய்தது. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாமலே இரண்டு ஊர்க்காரர்களும் 'ஒரு பக்கம் வழவழ, மறு பக்கம் சொரசொர' என்ற ஒரே சூத்திரத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். ரம்ஜான் மாத இரவுகளில் கராச்சித் தெருக்களில் விளக்கு கட்டி விடிய விடிய டேப் பந்துப் போட்டி நடப்பது இன்றும் வழக்கம்.

மென்பந்து ஆட்டம் ஒரு தனித் திறமையையும் வளர்த்தது. டென்னிஸ் பந்து நன்றாக எழும்பும். இடுப்பு உயரத்துக்கு வந்தால் மட்டையாளர் தூக்கி அடித்துவிடுவார். வீசுகிறவருக்கு ஒரே தற்காப்பு, பந்தை எழும்பவே விடாமல் மட்டையாளரின் கால் விரலுக்குப் பக்கத்தில் குத்துவது. அதுதான் யார்க்கர். தோல் பந்துக்காரர்கள் வாரத்துக்கு நாலு பயிற்சி வைத்துக் கற்றுக்கொள்வதை, மென்பந்துக்காரர்கள் அடி வாங்காமல் இருப்பதற்காகவே கற்றுக்கொண்டார்கள். காலி நகருக்கு அருகே ரத்கம கிராமத்தில் மென்பந்தில் வளர்ந்த லசித் மலிங்கா இதற்குப் பேர்போன உதாரணம்.

ஜஸ்பிரித் பும்ராவின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது, ஏனென்றால் அது வீட்டுக்குள் நடந்தது. அகமதாபாத்தில் மதிய வெயிலில் வெளியே விடாத தாய். அவர் பள்ளியில் பணியாற்றி வந்தவர், மதியம் கொஞ்சம் ஓய்வெடுக்க வேண்டும். வீட்டுக்குள் பந்து போட்டுக்கொள்ளலாம், ஆனால் சத்தம் வரக்கூடாது. சுவரும் தரையும் சேரும் மூலையில் பந்து பட்டால் சத்தம் குறைவாக வருகிறது என்று பையன் கண்டுபிடித்தான். நாள்தோறும் அந்த மூலையையே குறிவைத்தான். சர்வதேச மட்டையாளர்கள் இன்று அஞ்சும் அந்தப் பந்து, ஒரு அம்மாவின் மதியத் தூக்கத்துக்குக் கட்டுப்பட்டு உருவானது. ஆறாவது பொருளில் கையெழுத்துப் போட்ட பெரியவர்கள் கவனத்துக்கு!

இனி நம் மாவட்டம். பொங்கல், தேர்த் திருவிழா, கோடை விடுமுறை வந்தால் அயோத்தியாப்பட்டணம் பக்கமும் வாழப்பாடி பக்கமும் கட்டும் ஃபிளெக்ஸ் பேனர்களைப் பார்த்திருப்பீர்கள். 'மாபெரும் டென்னிஸ் பந்து கிரிக்கெட் போட்டி.' முதல் பரிசு, இரண்டாம் பரிசு, சுழற்கோப்பை, தொடர் நாயகன் என்று வரிசையாக. ஒவ்வொன்றுக்கும் கீழே நன்கொடையாளர் பெயரும் படமும். அறுவடை முடிந்து காய்ந்த வயலோ தண்ணீர் வற்றிய ஏரியோ மைதானம். சுண்ணாம்புக் கோடு எல்லை. ஆறு ஓவர், எட்டு ஓவர், பத்து ஓவர் என்று நேரத்தைப் பொறுத்து. டிராக்டர் டிரெய்லர் மேல் உட்கார்ந்து மைக்கில் வர்ணனை செய்பவர் இருப்பார். அவர் பேச்சுக்காகவே வந்து உட்காருகிறவர்களும் உண்டு. நுழைவுக் கட்டணம் கட்டி வெளியூர் அணிகள் வரும். பணம் கொடுத்து வெளி ஆட்டக்காரரை இறக்குவதும், அதை எதிரணி கண்டுபிடித்து ஆட்டத்தை நிறுத்துவதும், ஊர்ப் பெரியவர் வந்து சமாதானம் செய்வதும் வழக்கமான நிகழ்ச்சி நிரல். சேர்வராயன் மலைமேல் இந்த வசதியும் கிடையாது. காப்பித் தோட்டத்துக்கும் சரிவுக்கும் நடுவில் சமதரை கிடைப்பதே அபூர்வம். கீழே போன பந்தை எடுத்துவர ஒரு ஆளை ஒதுக்கியே ஆட வேண்டும்.

இந்த உலகத்தைத் தமிழ் சினிமா இரண்டு தடவை நன்றாகப் பார்த்திருக்கிறது. 2007-ல் வெங்கட் பிரபுவின் 'சென்னை 600028' நகரத்துத் தெரு அணிகளைக் காட்டியது. 2024-ல் தமிழரசன் பச்சமுத்துவின் 'லப்பர் பந்து' ஊர்ப் போட்டிகளைக் காட்டியது. முதல் படம் ஜாலியானது. இரண்டாவது படம் நாம் பேசத் தயங்கும் ஒன்றையும் பேசியது: அணியில் யாரைச் சேர்ப்பது, யாரைச் சேர்க்காமல் விடுவது என்பதில் சாதி எப்படி வந்து உட்கார்ந்துகொள்கிறது என்பதை. பந்து எல்லோருக்கும் மலிவானதுதான். மைதானம் எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை.

அப்படி ஒரு மைதானத்திலிருந்து வந்தவர்தான் நம் சேலம் மாவட்டத்துக்காரர் தங்கராசு நடராஜன். 1991-ல் பிறந்தவர். ஊர், தாரமங்கலம் தாண்டி மேற்கே இருக்கும் சின்னப்பம்பட்டி. அப்பா நெசவுத் தொழிலாளி, அம்மா சாலையோரத்தில் கோழிக்கறிக் கடை நடத்தியவர். நடராஜன் இருபது வயதை நெருங்கும் வரை ஆடியது டென்னிஸ் பந்து மட்டுமே. ஊர் ஊராகப் போட்டிக்குப் போய் வந்தவர். அவருடைய யார்க்கர் அங்கே விளைந்ததுதான் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

அதே ஊரைச் சேர்ந்த மூத்தவர் ஜெயப்பிரகாஷ் அவரைக் கண்டுபிடித்துச் சென்னைக்கு அழைத்துச் சென்றார். 2010-11-ல் நான்காவது டிவிஷன் லீக்கில் பி.எஸ்.என்.எல். அணியில் முதன்முதலாகத் தோல் பந்து. பிறகு விஜய் கிரிக்கெட் கிளப், ஜாலி ரோவர்ஸ். 2015 ஜனவரியில் ஈடன் கார்டனில் வங்காளத்துக்கு எதிராக ரஞ்சி அறிமுகம். மூச்சு விடுவதற்குள் அடி விழுந்தது: பந்துவீச்சு முறையில் சந்தேகம் என்று புகார். தெருவில் 'மாங்கா' என்று கத்திவிட்டு அடுத்த பந்துக்குப் போய்விடுவார்கள். அங்கே அது ஒரு வாழ்க்கையையே நிறுத்திவிடக்கூடிய சொல். கையை, தோளை, ஓட்டத்தை எல்லாம் மாற்றிப் புதிதாகக் கற்றுக்கொண்டு அவர் திரும்பி வந்தார்.

2016-ல் டி.என்.பி.எல். முதல் சீசனில் திண்டுக்கல் அணிக்காக ஒரு சூப்பர் ஓவரில் ஆறு பந்தையும் யார்க்கராகப் போட்டார். 2017 ஐ.பி.எல். ஏலத்தில் அடிப்படை விலை 10 லட்சம் ரூபாய், பஞ்சாப் அணி எடுத்தது 3 கோடிக்கு. அடுத்து ஹைதராபாத் அணி 40 லட்சத்துக்கு வாங்கி, இரண்டு சீசன் ஒரு ஆட்டம்கூடக் கொடுக்காமல் உட்கார வைத்தது. 2020-ல் வாய்ப்புக் கிடைத்தபோது 16 விக்கெட். அந்த ஆண்டே ஆஸ்திரேலியாவுக்கு வலைப்பயிற்சி வீரராகப் போனவர், டிசம்பர் 2-ல் கான்பெராவில் ஒருநாள் போட்டியிலும், டிசம்பர் 4-ல் இருபது ஓவர் போட்டியிலும், 2021 ஜனவரி 15-ல் பிரிஸ்பேனில் டெஸ்ட்டிலும் இறங்கினார். ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்று வடிவத்திலும் அறிமுகமான முதல் இந்தியர். பிரிஸ்பேனில் முதல் இன்னிங்ஸில் மூன்று விக்கெட். 1988-க்குப் பிறகு ஆஸ்திரேலியா தோற்றிராத அந்த மைதானத்தில் இந்தியா வென்றது. ஊர் திரும்பியவரைச் சின்னப்பம்பட்டிக்காரர்கள் சாரட் வண்டியில் ஏற்றி அழைத்துப் போனதை டி.வி.யில் பார்த்திருப்பீர்கள்.

இந்தக் கதையை வெற்றிக் கதையாக மட்டும் சொல்வது எனக்குப் பிடிக்கவில்லை. மென்பந்துக்கும் கடினப்பந்துக்கும் நடுவில் ஒரு சுவர் இருக்கிறது. ஒரு நல்ல ஷூவின் விலை, ஒரு பந்தின் விலை, சென்னையில் தங்க ஓர் இடம், கை பிடித்து அழைத்துப் போக ஒரு மனிதர். ஜெயப்பிரகாஷ் போல ஒருவர் இல்லாத ஊர்களில் எத்தனையோ இடது கை யார்க்கர்கள் பொங்கல் கோப்பையோடு நின்றுவிட்டார்கள். நடராஜனுக்கும் இது தெரிந்திருக்கிறது. சொந்த ஊரில் பயிற்சி அகாடமி தொடங்கினார்; 2023 ஜூனில் அங்கே புல் தரையோடு ஒரு மைதானத்தையும் திறந்தார், தினேஷ் கார்த்திக் வந்து திறந்துவைத்தார். அதே சின்னப்பம்பட்டியிலிருந்து வந்த கோ. பெரியசாமி, மலிங்கா மாதிரி கையைச் சுழற்றி வீசுகிறவர், 2019 டி.என்.பி.எல். இறுதிப் போட்டியில் சேப்பாக் அணிக்காக ஐந்து விக்கெட் எடுத்துக் கோப்பையை வாங்கிக் கொடுத்தார். ஒரே கிராமம், இரண்டு பேர். இதை வெறும் அதிர்ஷ்டம் என்று சொல்ல முடியாது. நம் பக்கத்தில் வாழப்பாடி அருகே 2020 பிப்ரவரியில் ராகுல் திராவிட் வந்து திறந்த கிரிக்கெட் மைதானமும் இருக்கிறது. குப்பனூரிலிருந்து அயோத்தியாப்பட்டணம் இறங்கிக் கிழக்கே திரும்பினால் போய்விடலாம். பிள்ளைகளை ஒருமுறை கூட்டிப் போய்க் காட்டுங்கள்.

மென்பந்துக்கும் இப்போது மரியாதை வரத் தொடங்கியிருக்கிறது. 2024 மார்ச்சில் தானே நகரில் டென்னிஸ் பந்துக்கென்றே பத்து ஓவர் லீக் ஒன்று, ஏலம், விளக்கு வெளிச்சம், டி.வி. ஒளிபரப்பு எல்லாவற்றோடும் தொடங்கியது. சென்னை அணியின் பெயர் 'சென்னை சிங்கம்ஸ்', உரிமையாளர் நடிகர் சூர்யா. தோல் பந்துக்கு மாறாமலே ஒருவர் ஆட்டக்காரராக இருக்கலாம் என்ற எண்ணம் இப்போதுதான் வந்திருக்கிறது.

சரி, ஆறாவது பொருளுக்கு வருகிறேன். தடை போட்டால் பிள்ளைகள் ஆடுவதை நிறுத்திவிடுவார்களா? கேட்டுக்கு வெளியே போவார்கள். வெளியே இருப்பது குப்பனூர் – ஏற்காடு சாலை. சனி, ஞாயிறுகளில் கொட்டச்சேடு வழியாக மலை ஏறும் கார்களும் பைக்குகளும் எப்படிப் போகின்றன என்று உங்களுக்குத் தெரியும். மழைக்காலத்தில் அடிவாரம் வழியாகப் போகும் பிரதான மலைப்பாதையில் மண் சரிந்தால் அந்தப் போக்குவரத்தும் இந்தப் பக்கம் திரும்பிவிடும். பந்து பின்னால் ஓடும் எட்டு வயதுப் பிள்ளை சாலையைப் பார்க்காது.

இன்னொன்றும் இருக்கிறது. மேலே சொன்ன ஊர்ப் போட்டிகள் எதிலும் ஒரு பெண் பிள்ளை மட்டை பிடித்து நான் பார்த்ததில்லை. நம் வளாகத்தில் பார்க்கிறேன். மாலையில் ஆடும் கூட்டத்தில் பாதிப் பேர் பெண் பிள்ளைகள். நல்ல வேகத்தில் வீசுகிற ஒருத்தியும் அதில் இருக்கிறாள். பையன்கள் தடை வந்தால் வேறு இடம் தேடிப் போய்விடுவார்கள். இவர்களை வெளியே அனுப்ப நம்மில் எத்தனை பேருக்கு மனம் வரும்? தடை யார் மேல் விழும் என்று பாருங்கள்.

அதனால் தீர்மானத்தை இப்படித் திருத்தலாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். கார்க் பந்தும் கனமான டென்னிஸ் பந்தும் வளாகத்துக்குள் வேண்டாம். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பெரிய பையன்கள் அதை வெளியே மைதானத்தில் வைத்துக்கொள்ளட்டும். உள்ளே லேசான பந்து மட்டும்: ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பந்து கிடைத்தால் அது, இல்லையென்றால் தேய்ந்த டென்னிஸ் பந்து. பந்து செக்யூரிட்டி அறையில் இருக்கும். மாலை நாலரைக்கு வாங்கி ஆறரைக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். மதியம் கிடையாது. முழங்கால் உயரத்துக்கு மேல் தூக்கி அடித்தால் அவுட். பால்கனிக்குள் போனால் அவுட், அந்த வீட்டுக்காரரிடம் அடித்தவரே போய்க் கேட்டு வாங்கி வர வேண்டும். கண்ணாடி உடைந்தால் அன்று ஆடிய எல்லா வீட்டுக்கும் சமமாகப் பங்கு. விதிகளைப் பிள்ளைகளையே உட்கார வைத்து எழுதச் சொன்னால் நம்மைவிட நன்றாக எழுதுவார்கள் என்பது என் கருத்து. எழுதியவர்களே மீறுவது கொஞ்சம் கஷ்டம்.

பி பிளாக்குக்கும் சுற்றுச்சுவருக்கும் இடையே உள்ள பாதையை டேப் வைத்து அளந்துவிட்டேன். நீளம் 64 அடி, அகலம் 21 அடி. அங்கே நிற்கும் இரண்டு கார்களை மாலை இரண்டு மணி நேரம் முன்பக்கம் மாற்றி நிறுத்த அவற்றின் உரிமையாளர்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு என் நன்றி. சுவரில் ஸ்டம்ப் வரைய வேண்டுமென்றால், போன தீபாவளிக்கு அடித்ததில் மிஞ்சிய வெள்ளை பெயிண்ட் அரை டப்பா ஸ்டோர் ரூமில் இருக்கிறது.